பின்வரிசையில் நின்றவர்



மாலை நேரத்தில் தோட்டத்துத் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் தொடங்குமுன் ஆள் பிரிப்பார்கள். வேகமாக ஓடுகிறவன் முன்னால் போவான். பந்தைக் காலில் ஒட்டவைத்ததுபோல் கொண்டுபோகத் தெரிந்தவன் நடுவில் நிற்பான். இரண்டும் கைவராதவனைப் பார்த்து, “நீ பின்னால நில்லுடா!” என்பார்கள். அவனும் ஒன்றும் பேசாமல் கோல் கம்பத்துக்கு முன்னால் போய் நிற்பான். ஐந்து முறை அவன் பந்தைத் தடுத்தாலும் அவன் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். ஆறாவது முறை தவறவிட்டாலோ, திடல் முழுவதும் அவன் பெயரைச் சொல்லித் திட்டும்.

இப்படிப் பின்னால் நின்ற ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் பெயர் லூயிஸ் பெலிப்பே ஸ்கொலாரி. பிரேசில் நாட்டவர். ஆட்டக்காரராக இருந்த காலத்தில் அவருக்குப் பெரிய பெயர் கிடையாது. பந்தைத் தொட்டால் மரக்காலால் தொடுவதுபோல் இருக்கிறது என்று கேலி செய்து, ‘மரக்கால்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த மரக்காலர்தான் பிற்காலத்தில் தம் நாட்டுக்கு உலகக் கிண்ணத்தை வென்று தந்தார். சவூதி அரேபியா, குவைத், ஜப்பான், போர்த்துகல், இங்கிலாந்து, உஸ்பெகிஸ்தான், சீனா என்று பல நாடுகளில் பயிற்றுநராகப் பணிபுரிந்தார். உயரே ஏறியதைப் போலவே, உலகமே பார்த்திருக்கக் கீழே விழவும் செய்தார். விழுந்த பிறகு என்ன செய்தார் என்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியே.

பிரேசில் நமக்கு முற்றிலும் அந்நியமான நாடு அல்ல. நம் முன்னோர் விடியற்காலையில் எழுந்து பால் வெட்டிய ரப்பர் மரத்தின் பிறந்தகம் அதுதான். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுடைய கதை அங்கே தொடங்குகிறது.

அமேசான் காடு பிரேசிலின் வடக்கே உள்ளது. நம் கதாநாயகர் பிறந்ததோ அந்த நாட்டின் தென்கோடியில், ரியோ கிராண்டே டோ சுல் என்ற மாநிலத்தில். குளிர்காலத்தில் பனி உறையும் பகுதி அது. 1875ஆம் ஆண்டு முதல் இத்தாலி நாட்டு ஏழைக் குடியானவர்கள் கப்பலேறி அங்கே வந்து சேர்ந்தார்கள். காட்டை வெட்டித் திருத்தினார்கள், திராட்சைக் கொடி நட்டார்கள், ஊர்களை உண்டாக்கினார்கள். அத்தகைய இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில், பாசோ புண்டோ என்ற ஊரில், 1948ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் ஸ்கொலாரி பிறந்தார். அவருடைய தந்தை பெஞ்சமினும் காற்பந்து ஆட்டக்காரர்தான். தந்தை வழியே மகனும் பந்தைத் தேடிப் போனார்.

பிரேசில் காற்பந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது யார்? பெலே, கரிஞ்சா, ஜிக்கோ. எல்லாரும் எதிரிகளை ஏமாற்றிப் புகுந்து கோல் அடித்தவர்கள். அந்த நாட்டில் மக்கள் பணம் கொடுத்துப் பார்க்க வருவது அந்த வித்தையைத்தான். ஆனால் தென் மாநிலத்துக் காற்பந்து சற்றே வேறு வகையானது. சேறும் குளிரும் நிறைந்த திடல்கள். உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம். உருகுவே, அர்ஜென்டினா ஆகிய அண்டை நாடுகளின் பாணி அங்கே அதிகம். ஸ்கொலாரி அந்த மண்ணின் பிள்ளை. கோல் காவலருக்கு முன்னால், தற்காப்பு வரிசையின் நடுவில் நின்று ஆடுவது அவருடைய வேலை.

அந்த இடத்தில் நிற்பவருக்கு என்ன வேலை? எதிரியின் காலிலுள்ள பந்தைப் பறிப்பது மட்டும் அன்று. தமக்கு வலப்புறம் நிற்பவர் முன்னேறிவிட்டாரா, இடப்புறம் இடைவெளி விழுந்திருக்கிறதா, எதிரிகளில் யார் பதுங்கி ஓடுகிறார் என்று கணத்துக்குக் கணம் கவனிக்க வேண்டும். கவனித்ததை உரக்கக் கத்திச் சொல்லவும் வேண்டும். முன்வரிசையில் ஆடுபவர் எதிரியின் கோலை நோக்கி நிற்கிறார். தம் குழுவினர் பலர் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்கள். பின்வரிசையில் நிற்பவருக்கோ திடல் முழுவதும் கண்முன்னே விரிந்து கிடக்கிறது. பந்து வித்தை குறைவாக இருந்தாலும், ஆட்டத்தை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கே கிடைக்கிறது. ஸ்கொலாரி பிற்காலத்தில் சிறந்த பயிற்றுநர் ஆனதற்குரிய விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

1966 முதல் 1981 வரை அவர் ஆடினார். அய்மொரே, காஷியாஸ், ஜுவெந்துடே, நோவோ ஹம்புர்கோ என்று ஆடியதெல்லாம் தம் மாநிலத்துச் சிறிய சங்கங்களில். காஷியாஸ் சங்கத்தில் நீண்ட காலம் இருந்தார். கடைசியாக, வடகிழக்கே வெகு தொலைவிலுள்ள அலகோவாஸ் மாநிலத்துக்குப் போய், சி.எஸ்.ஏ. என்ற சங்கத்துக்காக 1981இல் ஆடினார். அந்த ஆண்டு அச்சங்கம் மாநில வெற்றியாளர் ஆனது. ஆட்டக்காரராக அவர் பெற்ற பெரிய வெற்றி அவ்வளவுதான். தேசியக் குழுவின் மஞ்சள் சட்டையை அவர் ஒருநாளும் அணிந்ததில்லை.

1982இல் அதே சங்கம் அவரிடம் பயிற்றுநர் பொறுப்பைக் கொடுத்தது. முதல் பருவத்திலேயே மாநிலக் கிண்ணத்தை வென்றார். பிறகு சில சிறிய சங்கங்களைப் பயிற்றுவித்தார். 1984இல் கடல் கடந்து போகும் வாய்ப்பு வந்தது. சவூதி அரேபியாவின் அல் ஷபாப் சங்கம் அவரை அழைத்தது.

பிரேசில் எங்கே, அரபு நாடு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். 1970ஆம் ஆண்டுகளில் எண்ணெய் விலை உயர்ந்ததும் வளைகுடா நாடுகளில் செல்வம் பெருகியது. காற்பந்தில் தாங்களும் முன்னேற வேண்டும் என்று அந்நாடுகள் விரும்பின. உலகக் கிண்ணத்தை அதற்குள் மூன்று முறை வென்றிருந்த பிரேசிலிலிருந்து ஆசான்களை அழைத்தன. 1970 உலகக் கிண்ணத்தை வென்ற பயிற்றுநர் மாரியோ சகாலோ 1976இல் குவைத்துக்குப் போனார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கார்லோஸ் அல்பெர்ட்டோ பரேரா, 1980இல் குவைத்துக்கு ஆசியக் கிண்ணத்தையும், 1982இல் உலகக் கிண்ணப் போட்டிக்குச் செல்லும் தகுதியையும் பெற்றுத் தந்தார். அவர்கள் போட்ட பாதையில்தான் ஸ்கொலாரியும் நடந்தார்.

ஆனால் சகாலோ உலகம் அறிந்தவர். ஸ்கொலாரியையோ சொந்த நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. மொழி தெரியாத ஊர், வேறு சமயம், வேறு சாப்பாடு, கொளுத்தும் வெயில். அத்தகைய இடத்தில் போய் இருபது பேரை ஒரே எண்ணத்தோடு ஓடவைப்பது எளிய காரியமா? பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போனவர்களின் பிள்ளைகள் நாம். அந்தச் சிரமம் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சவூதியிலிருந்து திரும்பி, 1987இல் தென் பிரேசிலின் புகழ்பெற்ற கிரேமியோ சங்கத்துக்கு மாநிலக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். மறு ஆண்டே மீண்டும் வளைகுடாவுக்குப் போனார். குவைத்தின் அல் காட்சியா சங்கம் அவருடைய பயிற்சியில் 1989இல் அமீர் கிண்ணத்தை வென்றது. 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குவைத் தேசியக் குழு அவருடைய பொறுப்பில் வளைகுடாக் கிண்ணத்தை வென்றது. அவர் வென்ற முதல் பன்னாட்டுக் கிண்ணம் அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அந்தக் கிண்ணத்தைக் கொண்டாடிய நகரம் போர்க்களம் ஆயிற்று.

1991இல் அவரை நாம் பிரேசிலின் கிரிசியூமா நகரில் காண்கிறோம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழும் ஊர் அது. அந்த ஊர்ச் சங்கத்தைப் பெரிய சங்கங்கள் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. அந்தச் சிறு குழுவை வைத்துக்கொண்டு, இறுதியாட்டத்தில் கிரேமியோவையே மடக்கி, பிரேசில் கிண்ணத்தை வென்றார் ஸ்கொலாரி. சுரங்கத் தொழிலாளர்களின் ஊர் நாடு முழுவதும் பேசப்பட்டது. பிரேசில் முழுவதும் அவர் பெயரை அறிந்துகொண்டதும் அப்போதுதான்.

அதன் பிறகு ஏறுமுகம். தோற்கடித்த கிரேமியோவே 1993இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1995இல் தென் அமெரிக்கச் சங்கங்களின் தலையாய கிண்ணமான லிபெர்த்தடோரெஸ், 1996இல் பிரேசில் லீக் என்று வெற்றிகள் தொடர்ந்தன. 1997இல் ஜப்பானுக்குப் போய் ஜுபிலோ இவாத்தா சங்கத்தில் சில ஆட்டங்களுக்கு மட்டும் இருந்துவிட்டு, சாவோ பாலோவின் பால்மெய்ராஸ் சங்கத்துக்கு வந்தார். 1999இல் அச்சங்கத்துக்கும் லிபெர்த்தடோரெஸ் கிண்ணத்தை வென்று தந்தார்.

எல்லாரும் பாராட்டினார்களா? இல்லை. “ஸ்கொலாரியின் குழு முரட்டுத்தனமாக ஆடுகிறது; அழகு இல்லை; பிரேசில் பாணியே இது அல்ல” என்று பத்திரிகைகள் குறை கூறின. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அவர் முதலில் கேட்டது அழகை அன்று. வரிசை கலையாத ஒழுங்கை. ஒவ்வொருவரும் தம் இடத்தை விட்டு நகராமல், பக்கத்தில் நிற்பவருக்குத் துணையாக ஆட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

2001ஆம் ஆண்டு. பிரேசில் தேசியக் குழு தள்ளாடிக்கொண்டிருந்தது. அதுவரை நடந்த எல்லா உலகக் கிண்ணப் போட்டிகளிலும் கலந்துகொண்ட ஒரே நாடு அது. அந்த நாடு 2002 போட்டிக்குத் தகுதி பெறாமலே போய்விடுமோ என்ற அச்சம் பிறந்தது. பயிற்றுநர்கள் மாறி மாறி வந்து போனார்கள். கடைசியில் ‘மரக்கால்’ ஸ்கொலாரியைக் கூப்பிட்டார்கள். வந்ததும் என்ன நடந்தது? முதல் ஆட்டத்திலேயே உருகுவேயிடம் தோல்வி. அதே மாதம் தென் அமெரிக்கக் கிண்ணப் போட்டியில், ஹொண்டுராஸ் என்ற சிறு நாட்டிடம் 2-0 என்று தோல்வி. நாடே கொதித்தது. எப்படியோ தகுதிச் சுற்றில் மூன்றாம் இடம் பெற்றுக் கரை சேர்ந்தார்கள்.

அடுத்து ஒரு பெரும் போராட்டம். 1994 உலகக் கிண்ண வீரர் ரொமாரியோவைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று ரசிகர்கள் கூவினார்கள். ரொமாரியோவே தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டுக் கேட்டார். ஸ்கொலாரி அசையவில்லை. மாறாக, முழங்காலில் இருமுறை பலத்த காயம்பட்டு நெடுங்காலம் ஆடாமல் இருந்த ரொனால்டோவை நம்பி அழைத்துச் சென்றார். ரொனால்டோவின் கால் தாங்குமா என்று மருத்துவர்களே ஐயப்பட்ட நேரம் அது.

குழுவை அவர் அமைத்த விதத்தைச் சற்றுக் கவனியுங்கள். லூசியோ, எட்மில்சன், ரோக் ஜூனியர் ஆகிய மூவரைப் பின்வரிசையின் நடுவில் நிறுத்தினார். வழக்கமாக அங்கே நிற்பவர்கள் இருவர்தான். “பிரேசில் இப்படிப் பயந்து ஆடலாமா?” என்று கேட்டார்கள். அந்த மூவரும் காவல் நின்றதால்தான், இரு ஓரங்களிலும் இருந்த கபுவும் ரொபெர்ட்டோ கார்லோஸும் கவலையின்றி முன்னேறி ஓடினார்கள். முன்னால் ரிவால்டோ, ரொனால்டினோ, ரொனால்டோ மூவரும் தங்கள் வித்தையை எல்லாம் காட்டினார்கள். வீட்டுக்கு அடித்தளம் உறுதியாக இருந்தால்தானே மாடியில் ஆடவும் பாடவும் முடியும்? தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்குத்தான் இந்த யோசனை எளிதில் தோன்றும்.

முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள், குழுத் தலைவர் எமர்சன் பயிற்சியில் விளையாட்டாகக் கோல் காக்கப் போய்த் தோளில் அடிபட்டு விலகினார். அதையும் தாங்கிக்கொண்டார்கள். ஆடிய 7 ஆட்டங்களிலும் வெற்றி. அடித்த கோல்கள் 18, விட்டவை 4. காலிறுதியில் இங்கிலாந்தை 2-1 என்று வென்றார்கள். 2002 ஜூன் 30ஆம் நாள் ஜப்பானின் யோகோஹாமா நகரில் நடந்த இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 2-0 என்று வென்றார்கள். இரு கோல்களையும் அடித்தவர், கால் தாங்காது என்று சொல்லப்பட்ட அதே ரொனால்டோ. அந்தக் குழுவைப் பிரேசில் மக்கள் ‘ஸ்கொலாரியின் குடும்பம்’ என்று அழைத்தார்கள். தாக்குதலுக்குப் பெயர்போன நாட்டுக்கு ஐந்தாவது உலகக் கிண்ணத்தை வென்று தந்தவர், ஒரு காலத்தில் சேற்றுத் திடலில் பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தவர்.

அந்தப் புகழின் நிழலில் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 2003இல் போர்த்துகல் தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்றார். அந்த நாட்டின் மொழிதான் பிரேசிலின் மொழியும். ஒரு காலத்தில் பிரேசிலை ஆண்ட நாடும் அதுவே. 1966 உலகக் கிண்ணத்தில் யூசேபியோ ஆடிய போர்த்துகல் மூன்றாம் இடம் பெற்றபோது, பயிற்றுநராக இருந்த ஓட்டோ குளோரியாவும் பிரேசில்காரர்தான். இருந்தாலும், “நமக்கு ஏன் வெளிநாட்டுக்காரர்?” என்று கேட்டவர்கள் உண்டு. 2003 மார்ச்சு மாதம் நடந்த நட்புமுறை ஆட்டத்தில் ஸ்கொலாரியின் போர்த்துகல் குழு பிரேசிலையே 2-1 என்று வென்றது. வெற்றி கோலை அடித்த டெக்கோவும் பிரேசிலில் பிறந்து போர்த்துகல் குடியுரிமை பெற்றவர். உப்பிட்ட இடத்துக்கு உண்மையாக உழைப்பது என்பது இதுதான்.

2004 ஐரோப்பியக் கிண்ணப் போட்டி போர்த்துகலில் நடந்தது. வீடுகளின் சன்னல்களில் தேசியக் கொடியைத் தொங்கவிடுங்கள் என்று மக்களை வேண்டிக்கொண்டார் ஸ்கொலாரி. வெளிநாட்டுக்காரர் சொல்லி ஒரு நாடே தன் கொடியை ஏற்றியது. காலிறுதியில் இங்கிலாந்தோடு 2-2 என்று சமநிலை. பெனால்டியில் கோல் காவலர் ரிக்கார்டோ கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்கையால் ஒரு பந்தைப் பிடித்துத் தள்ளினார். அடுத்து அவரே போய் உதைத்து வெற்றி கோலையும் அடித்தார். அரையிறுதியில் நெதர்லாந்து வீழ்ந்தது. ஆனால் ஜூலை 4ஆம் நாள் லிஸ்பனில் நடந்த இறுதியாட்டத்தில் கிரீஸ் 1-0 என்று வென்றது. முதல் ஆட்டத்திலும் இதே கிரீஸிடம்தான் தோற்றிருந்தார்கள். யாரும் எதிர்பாராத கிரீஸ் வென்றது எதனால் தெரியுமா? உறுதியான தற்காப்பால். ஸ்கொலாரியின் பாடத்தையே கிரீஸ் அவருக்குப் படித்துக் காட்டியது.

அந்தப் போர்த்துகல் குழுவில் ஓர் இளைஞர் இருந்தார். 2003 ஆகஸ்டில், 18 வயதில், ஸ்கொலாரியால் தேசியக் குழுவில் முதன்முதலாகக் களமிறக்கப்பட்டவர். அவர்தான் கிறிஸ்டியானோ ரொனால்டோ. 2005 செப்டம்பரில் ரஷ்யாவோடு ஆட மாஸ்கோவுக்குச் சென்றிருந்தபோது, அந்த இளைஞரின் தந்தை காலமான செய்தி வந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டிய கடமை ஸ்கொலாரிக்கு நேர்ந்தது. விரும்பினால் உடனே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ரொனால்டோவோ தங்கி ஆடினார். அந்த இரவில் ஸ்கொலாரி தமக்கு ஒரு தந்தையைப் போல் இருந்ததை ரொனால்டோ பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பயிற்றுநர் வேலை பலகையில் கோடு போட்டுக் காட்டுவதோடு முடிந்துவிடுவதில்லை.

2006 உலகக் கிண்ணத்தில் போர்த்துகல் மீண்டும் இங்கிலாந்தைப் பெனால்டியில் வென்று, நான்காம் இடம் பெற்றது. 1966க்குப் பின் அந்நாடு பெற்ற மிகச் சிறந்த இடம் அது. 2002, 2004, 2006 என்று தொடர்ந்து மூன்று பெரும் போட்டிகளில் இங்கிலாந்து காலிறுதியில் வெளியேறியது. மூன்று முறையும் எதிரில் நின்றவர் ஸ்கொலாரி.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் முன்கோபக்காரர். 2007 செப்டம்பரில் செர்பியாவுக்கு எதிரான ஆட்டம் முடிந்ததும் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரை நோக்கிக் கை ஓங்கிவிட்டார். ஐரோப்பியச் சம்மேளனம் அவருக்குத் தடை விதித்தது. ஒழுங்கைப் போதித்தவரே ஒழுங்கு தவறினால் தண்டனை தப்பாது அல்லவா?

2008இல் இங்கிலாந்தின் செல்சி சங்கம் அவரை அமர்த்தியது. அந்த ஆண்டு ஜூலையில் அந்தக் குழு மலேசியாவுக்கும் வந்து ஆடியது. தொடக்கம் நன்றாக இருந்தது. நாளடைவில் வெற்றிகள் குறைந்தன. 2009 பிப்ரவரியில், பருவம் முடியும் முன்பே வேலையிலிருந்து நீக்கினார்கள். உலகக் கிண்ணம் வென்றவர் என்று யாரும் தயவு காட்டவில்லை. அவர் அடுத்து எங்கே போனார் தெரியுமா? உஸ்பெகிஸ்தானின் தலைநகர் தாஷ்கெண்டில் உள்ள புன்யோத்கோர் சங்கத்துக்கு. 2009இல் அந்நாட்டு லீக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். வேலை எங்கே இருக்கிறதோ, அங்கே போய்ச் செய்தார்.

2012 நவம்பரில் பிரேசில் மீண்டும் அவரைக் கூப்பிட்டது. 2014 உலகக் கிண்ணம் சொந்த மண்ணில் நடக்கவிருந்தது. 2013இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில், உலக வெற்றியாளராக இருந்த ஸ்பெயினை 3-0 என்று வென்று கூட்டமைப்புக் கிண்ணத்தைப் பெற்றார்கள். ஆறாவது உலகக் கிண்ணமும் வந்துவிட்டது என்றே மக்கள் நம்பினார்கள்.

2014 ஜூலை 8ஆம் நாள், பெலோ ஒரிசோன்டே நகரில் ஜெர்மனியோடு அரையிறுதி. முதுகெலும்பில் அடிபட்ட நெய்மார் ஆடவில்லை. பின்வரிசையின் தூணாகிய குழுத் தலைவர் தியாகோ சில்வா, மஞ்சள் அட்டைகளால் ஆட முடியாமல் போனார். நெய்மாரின் இடத்தில் நடுத்திடலைக் காக்கும் ஆட்டக்காரரைப் போடலாம் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஸ்கொலாரியோ தாக்குதல் ஆட்டக்காரரான பெர்னார்டைக் களமிறக்கினார். வாழ்நாளெல்லாம் தற்காப்பை நம்பியவர், அன்று ஊரின் ஆரவாரத்துக்கு இசைந்து முன்னால் சாய்ந்துவிட்டார். 29 நிமிடத்துக்குள் ஜெர்மனி 5 கோல் அடித்துவிட்டது. அவற்றுள் நான்கு, ஆறு நிமிட இடைவெளிக்குள் விழுந்தவை. முடிவு 7-1. அரங்கில் முதியவர்களும் பிள்ளைகளும் அழுதார்கள். உலகக் கிண்ண அரையிறுதி ஒன்றில் அத்தகைய தோல்வி அதற்கு முன் நிகழ்ந்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கொலாரி செய்தியாளர்கள் முன் வந்தார். நெய்மார் இல்லை என்று சாக்குச் சொல்லலாம். இளம் ஆட்டக்காரர்கள் மீது பழியைத் தள்ளலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆட்டத்தை வகுத்தவன் நான், ஆட்களைத் தேர்ந்தெடுத்தவன் நான், பொறுப்பும் என்னுடையதே என்ற கருத்தில் பேசினார்; மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பின்வரிசையில் நிற்பவன் கற்கும் கடைசிப் பாடம் இது. கோல் விழுந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவனுக்கு இடமில்லை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் நெதர்லாந்திடம் தோற்றதும், அவருடைய தேசியப் பணி முடிந்தது.

அப்போது அவருக்கு வயது 65. வேறொருவராக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார். ஸ்கொலாரி சிறிது காலம் தம் பழைய கிரேமியோ சங்கத்தில் பணிபுரிந்துவிட்டு, 2015 ஜூனில் சீனாவின் குவாங்சௌ நகருக்குப் போனார். மீண்டும் புது நாடு, தெரியாத மொழி, மொழிபெயர்ப்பாளர் துணை. அதே ஆண்டில் அவருடைய எவர்கிராண்டே குழு சீன லீக்கையும் ஆசிய வெற்றியாளர் கிண்ணத்தையும் வென்றது. 2016, 2017 ஆண்டுகளிலும் சீன லீக் அவர்களுக்கே கிடைத்தது. 2018இல் நாடு திரும்பி, 70 வயதில் பால்மெய்ராஸ் சங்கத்துக்குப் பிரேசில் லீக்கை வென்று தந்தார். 2022இல், 73 வயதில், அத்லெட்டிக்கோ பரனென்சே என்ற சங்கத்தை லிபெர்த்தடோரெஸ் இறுதியாட்டம் வரை அழைத்துப் போனார். அதில் பிளமெங்கோ 1-0 என்று வென்றது. கிண்ணம் கிடைக்கவில்லை. ஆனால் 7-1 என்ற எண்ணோடு அவர் கதையை முடித்துவைத்தவர்கள், முடிவுரையைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

நேயர்களே, இந்த வரலாற்றை நான் சொல்லவந்த காரணம், நம் பிள்ளைகள் எல்லாரும் உலகக் கிண்ணம் வெல்ல வேண்டும் என்பதற்காக அன்று. திறமை என்றால் கண்ணைக் கவர்வது மட்டுமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். வீட்டிலும் அப்படித்தான், பள்ளியிலும் அப்படித்தான். மேடையில் பேசுகிற பிள்ளையைக் கொண்டாடுகிறோம். மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை, “இவனுக்கு ஒன்றும் வராது” என்று சொல்லிவிடுகிறோம். ‘மரக்கால்’ என்ற பெயரைக் கேட்டு ஸ்கொலாரி மனம் ஒடிந்து போயிருந்தால், யோகோஹாமாவில் அந்த இரவு எப்படி முடிந்திருக்குமோ! தம் காலுக்கு வராத வித்தை எது என்பதை அவர் அறிந்திருந்தார். தம் கண்ணுக்குத் தெரிந்தது எது என்பதையும் அறிந்திருந்தார். தெரிந்ததை வைத்துக்கொண்டு, அழைத்த நாட்டிலெல்லாம் உழைத்தார், தவறியபோது ஒப்புக்கொண்டார், மறுபடியும் வேலைக்குப் போனார்.

நாளை மாலை திடல் பக்கம் போனால், பின்னால் தனியாக நிற்கும் அந்தப் பையனைப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, “இன்றைக்கு நம்ம குழு எங்கே தவறு செய்தது?” என்று கேளுங்கள். கோல் அடித்தவனைவிட அவன் தெளிவாகச் சொல்லக்கூடும்.